தறி இருந்த இடத்தில் இழைப்பு மெஷின்: பிள்ளையார்பாளையம் வீட்டில் க்ரீஸ் துடைத்த இரண்டு நாள்

பெட்டியின் கடைசிப் பலகையைப் பெயர்த்ததும் முதலில் வந்தது வாசனைதான். சைக்கிள் கடை, உருகிய மெழுகு, கொஞ்சம் தார் எல்லாம் சேர்ந்த மாதிரி. அப்புறம்தான் மெஷினே கண்ணுக்குத் தெரிந்தது. பளபளவென்று இறங்கும் என்று வீடே காத்திருந்த புது இழைப்பு மெஷின், வெல்லப்பாகை ஊற்றி ஆறவிட்டதுபோல பழுப்பு நிறப் பிசுக்கில் மூழ்கிக் கிடந்தது.

"இன்னாடா இது, யாரோ ஓட்டின மெஷினைக் கட்டி அனுப்பிட்டாங்களா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. புதுசுன்னாதான் இப்படி இருக்கும்."

அம்மா நம்பவில்லை. அந்த மெஷினில் அவருடைய நாலு வளையல்கள் இருக்கின்றன. மீதி வங்கிக் கடன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், கைலாசநாதர் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. பெயரெல்லாம் வேண்டாமே என்பது வீட்டுக்காரர்களின் விருப்பம். அதனால் இங்கே அவர்கள் அப்பா, அம்மா, மகன் மட்டும்தான். அப்பா 40 வருடங்களுக்கு மேல் பட்டு நெய்கிறவர். முன்கூடத்தில் ஒன்று, உள்கூடத்தில் ஒன்று என இரண்டு குழித்தறிகள் இருந்த வீடு. முன்கூடத்துத் தறி மகனுக்காகப் போட்டது. மகன் அதில் ஒரு வருடம்கூட முழுசாக உட்காரவில்லை. சென்னையில் கட்டில், அலமாரி, சமையலறை மர வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து ஆறு வருடம் தொழில் பழகிக்கொண்டு, 29 வயதில் சொந்தப் பட்டறை வைக்க ஊருக்குத் திரும்பினார்.

பட்டறைக்கு இடம்? முன்கூடம்தான். நாலு மாதத்துக்கு முன்பு தறியைப் பிரித்துக் கட்டைகளைப் பரணில் ஏற்றினார்கள். குழியில் செங்கல் ஜல்லியைக் கொட்டி, மேலே சிமென்ட் போட்டார்கள். அன்றைக்கு அப்பா காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் இது புதிய கதை இல்லை. 2019-20ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுக்க 31 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறிக் குடும்பங்கள் இருப்பதாகச் சொல்கிறது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பிள்ளைகளை அப்பாக்கள் தடுப்பதில்லை. ஆனால் பஸ் ஏறிப் போகிறவன் தறிக்குழியை மூடிவிட்டுப் போவதில்லை. அப்பாவின் கோபம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் பேசவில்லை, அவ்வளவுதான். லாரியிலிருந்து மெஷினை இறக்க ஆறு பேர் தெருவையே இரண்டாக்கியபோதுகூட, உள்கூடத்தில் தறிச் சத்தம் ஒரு மிதி தவறவில்லை.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே வழவழப்பான இரண்டு இரும்பு மேஜைகள்; நடுவே பிளேடுகள் பொருத்திய ஓர் உருளை. பலகையை வைத்துத் தள்ளினால் மேடு பள்ளமெல்லாம் சீவப்பட்டு நேராக வெளியே வரும். இழைப்புளி பிடித்து அரைநாள் மூச்சு வாங்க வேண்டிய வேலை சில நிமிடங்களில் முடியும். எடை ஏறக்குறைய 300 கிலோ. தைவானில் செய்து, கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரோடு வழியாகக் காஞ்சிபுரம் வந்த மெஷின்.

கப்பலில் வந்தது என்பதில்தான் அந்தப் பிசுக்கின் ரகசியம் இருக்கிறது. மேஜை வார்ப்பிரும்பு. பலகை வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் என்பதால் அதன்மேல் பெயின்ட் அடிக்க முடியாது. வெறும் இரும்பாகத்தான் விட்டாக வேண்டும். வெறும் இரும்புக்குக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு. கடல் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கன்டெய்னருக்கு உள்ளேயே ஈரம் இருக்கிறது. பகல் வெயிலில் சூடேறி, ராத்திரியில் குளிரும்போது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் கூரைத் தகட்டில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சரக்கின் மேலேயே விழும். கப்பல் சரக்குக்காரர்கள் இதை 'கன்டெய்னர் மழை' என்றே சொல்கிறார்கள். கடலில் வாரக்கணக்கில் கிடக்கும் இரும்பு இந்த மழையில் நனையாமலிருக்கத்தான் கனமாகக் க்ரீஸ் பூசி அனுப்புகிறார்கள்.

இந்தப் பூச்சுகளில் ரொம்பப் பெயர் வாங்கியது காஸ்மோலின். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1865-ல் தொடங்கிய ஹோட்டன் என்ற கம்பெனியின் சரக்கு. நம் வீட்டு வாஸலினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே கச்சா எண்ணெயிலிருந்து வரும் மெழுகுப் பண்டம்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் துப்பாக்கி முதல் வண்டி உதிரிபாகம் வரை இதில் முக்கித்தான் கப்பலேற்றியது. போர் முடிந்து பல வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தவர்களுக்கும் துருவில்லாத துப்பாக்கி கிடைத்தது, பூச்சை எடுக்கத்தான் நாக்குத் தள்ளியது. நாளாக ஆக அதிலிருக்கும் இளகிய பகுதி ஆவியாகிப்போய், மிச்சம் கமர்கட்டு மாதிரி இறுகிவிடும். இந்த மெஷினில் மேஜை மேல் இருந்தது பாகு பதம். சந்துபொந்துகளில் இருந்தது கமர்கட்டு பதம்.

இதையெல்லாம் மகன் அம்மாவிடம் அவருக்குத் தெரிந்த மட்டில் சொன்னார். காற்றுப் படாமல், தண்ணீர் படாமல் மூடி வைத்திருக்கிறார்கள் என்றார்.

"அத்தி வரதரைத் தண்ணிக்குள்ள வெச்ச மாதிரியா?"

அம்மா கேட்டது சும்மா இல்லை. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஊர் கொள்ளாத கூட்டத்துக்குத் தரிசனம் தந்த அத்தி வரதர், அதற்கு முன் 40 வருடம் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்தவர். தண்ணீருக்கு அடியில் காற்று அதிகம் எட்டாத இடத்தில் மரம் சீக்கிரம் உளுத்துப்போகாது. மரத்துக்குத் தண்ணீர் செய்வதை இரும்புக்கு எண்ணெய்ப் பசை செய்கிறது. ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் திருமேனிக்குத் தைலக்காப்பு சாத்துவதும் அம்மாவுக்குத் தெரியும்.

"அப்போ மெஷினுக்குத் தைலக்காப்புன்னு சொல்லேன். அத விட்டுட்டு என்னென்னமோ சொல்றே" என்று அம்மா சமாதானமாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் க்ரீஸுக்கு அதுதான் பெயர்.

அடுத்த கேள்வி, எடுப்பது எப்படி? ஒத்தாசைக்கு வந்திருந்த மாமா பையன் வாசலில் நின்ற பைக்கைக் காட்டினான். "ஒரு பாட்டில் பெட்ரோல் எடுத்தா அஞ்சு நிமிஷத்துல கரைஞ்சிடும்." குழாயைக்கூடக் கழற்றப் போய்விட்டான். க்ரீஸைப் பெட்ரோல் கரைக்கும் என்பது உண்மைதான். மகனும் ஒரு நிமிடம் யோசித்தார். அவரே ஒப்புக்கொள்கிற விஷயம் இது.

தடுத்தது அம்மா. "கேஸ் கசிஞ்சா மேல போகாது, தரையிலதான் நிக்கும்னு சிலிண்டர் போடற தம்பி சொல்லிட்டுப் போச்சு. பெட்ரோல் வாடை மட்டும் மேலேயா போவும்? உங்கப்பா குழியில உட்கார்ந்திருக்காரு."

மகன் அதை நினைக்கவே இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கீழே இறங்கி, தரையோடு தவழ்ந்து, தாழ்ந்த இடம் எதுவோ அங்கே போய்த் தேங்கும். அந்த வீட்டில் தாழ்ந்த இடம் உள்கூடத்துத் தறிக்குழிதான். மிதிப்பலகையில் கால் வைத்து அப்பா உட்கார்ந்திருக்கும் குழி. இரண்டு கூடத்துக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. சுவரோரம் சாமி விளக்கு எரிகிறது. பெட்ரோலுக்குப் பற்றிக்கொள்ள வெயில், சூடு எதுவும் வேண்டியதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் அதிலிருந்து பற்றக்கூடிய ஆவி கிளம்பும். மண்ணெண்ணெய் அப்படியில்லை, 35 டிகிரிக்கு மேலே போக வேண்டும். (காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில் அதுவும் வந்துவிடும் என்பதால், மண்ணெண்ணெயைச் சாது என்று நினைத்துவிடவும் கூடாது.) நல்லவேளையாக அது ஐப்பசி மாதம். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

மாமா பையன் குழாயைத் திரும்ப மாட்டினான்.

"கிருஷ்ணாயில் இருந்தா போதும்" என்றார் அம்மா. ஆனால் முன்பு போல ரேஷனில் அது தாராளமாகக் கிடைக்கிற காலமா இது? பெயின்ட் கடைக்குப் போனார் மகன். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது தின்னர். அது க்ரீஸோடு சேர்த்து மெஷினின் பச்சைப் பெயின்ட்டையும் உரித்துவிடும், எண்கள் அச்சடித்த ஸ்டிக்கரையும் கரைத்துவிடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு லிட்டர் மினரல் டர்பன்டைன் வாங்கிக்கொண்டு வந்தார். பெயின்ட்டர்கள் எனாமலில் கலக்கிற சமாசாரம். குணத்தில் மண்ணெண்ணெய்க்குப் பக்கத்து வீடு.

வாசல் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று. சாமி விளக்கை அம்மாவே மலையேற்றினார். மெஷினுக்குக் கரன்ட் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை. துடைத்து முடிக்கும்வரை கொடுக்கவே கூடாது என்பது மகன் தனக்குப் போட்டுக்கொண்ட விதி. அது சரியான விதிதான். க்ரீஸுக்குள் பிளேடு எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது, யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டினால் கை போய்விடும்.

எடுத்த எடுப்பில் எண்ணெய் ஊற்றித் துடைப்பது புதுசாகச் செய்கிறவர்களின் தப்பு. அப்படிச் செய்தால் பாகு இளகி எல்லாப் பக்கமும் ஓடும். முதலில் சுரண்ட வேண்டும். இரும்புக் கரண்டியோ பழைய உளியோ வைத்துச் சுரண்டினால் மேஜையில் கீறல் விழும். பெயின்ட்டர்கள் பட்டி பூசப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பட்டையும், காலாவதியான ஏ.டி.எம். கார்டும் கை கொடுத்தன. சுரண்டியதை வழித்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டால், முக்கால் டப்பா நிறைந்தது. அதற்குப் பிறகுதான் துணியை டர்பன்டைனில் நனைத்து, ஒரு பக்கமாகத் துடைப்பது. துணி பழுத்ததும் வேறு துணி. பழுத்த துணியாலேயே திரும்பத் துடைத்தால் க்ரீஸ் இடம் மாறுமே தவிர, போகாது. பழைய வேட்டி ஒன்று, தலையணை உறைகள் இரண்டு, மகனுடைய பனியன்கள் என்று வரிசையாகப் போயின.

ஓட்டையிலும் திருகு மரைகளிலும் துணி நுழையாது. அதற்குப் பழைய டூத் பிரஷ். மேஜையை ஏற்றி இறக்கும் திருகில்தான் நேரம் போனது. அங்கே கொஞ்சம் மிச்சம் வைத்தாலும், நாளைக்குப் பறக்கிற மரத்தூள் அதில் ஒட்டி, மாவு பிசைந்ததுபோல இறுகி, திருகு நகரவே நகராது. க்ரீஸை எடுக்காமல் அப்படியே ஓட்டினால் என்ன என்று கேட்ட மாமா பையனுக்கு அதுதான் பதில். இன்னொரு பதிலும் இருக்கிறது. க்ரீஸ் பட்ட தேக்கில் பாலிஷ் பிடிக்காது, பசை ஒட்டாது. மாதக் கணக்கில் வேலை செய்து கொண்டுபோய்க் கொடுத்த அலமாரியில், கதவு நடுவே திட்டாகத் தெரியும்.

தொடக் கூடாத இடங்களும் உண்டு. பேரிங்குக்குள் டர்பன்டைன் இறங்கினால் அதற்குள் ஆயுசுக்கும் வைத்து மூடியிருக்கும் க்ரீஸும் கரைந்துவிடும். அது காப்புக்குப் பூசிய க்ரீஸ் இல்லை, ஓடுவதற்கான க்ரீஸ். ரப்பர் பெல்ட்டில் பட்டால் பெல்ட் ஊதிப்போகும். இரண்டையும் பாலிதீன் பையால் கட்டி மூடிவிட்டார் மகன். பிளேடுகள் கடைசி. உருளையை ஒரு மரக்கட்டையால் அசையாமல் முட்டுக்கொடுத்து, பிளேடின் முதுகுப் பக்கமிருந்து முனையை நோக்கி, வெளிப்பக்கமாக மட்டும் துடைக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தும் கட்டைவிரல் நுனியில் ஒரு கீறல் விழுந்தது. உறை கிழிந்ததே தெரியவில்லையாம். புது பிளேடு அப்படி.

இத்தனை நடக்கும்போது உள்கூடத்தில் அரக்கு நிறக் கல்யாணப் புடவை ஒன்று பாதி நெய்தபடி நின்றது. கோர்வைப் புடவை. உடம்பு அரக்கு, கரை பச்சை, முந்தி இன்னும் வரவில்லை. பட்டில் எண்ணெய்க் கறை என்றால் நெசவாளிக்கு அடிவயிறு கலங்கும். கூலியில் பிடித்தம் என்பது ஒரு பக்கம். 'அவர் கைப் புடவையில் கறை' என்ற பேச்சு அதைவிடப் பெரிய பக்கம். அதனால் அப்பா, காலையில் முதல் வேலையாக இரண்டு கூடத்துக்கும் நடுவே பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினார். மகன் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனபோது ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"கை."

மகன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அப்பா பார்த்துவிட்டுப் பின்கட்டைக் காட்டினார். போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் தண்ணீர். நாலு மாதத்தில் அப்பா அவரிடம் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதானாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முன் பக்கத்து மேஜை முழுசாக முடிந்தது. வார்ப்பிரும்பின் சாம்பல் நிறம், கண்ணாடி மாதிரி இல்லாமல், மழைக்கால வானம் மாதிரி அடங்கிய பளபளப்பு. பின் பக்கத்து மேஜையும் அடிப்பகுதியும் பாக்கி. கழுத்து வலி. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தார். அழுக்குத் துணிகளை அம்மா வீட்டுக்குள் வைக்க விடவில்லை. வாசல் திண்ணைக்கு அப்பால், மூடி போட்ட தகரத்தில் போனது. சரியான காரியம். (ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதைக் குவித்து வைத்தால் நெருப்பே வைக்காமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். மர வேலைக்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம்.)

மறுநாள் காலையில் போர்வையை எடுத்த மகன் அப்படியே நின்றுவிட்டார்.

துடைத்து வைத்த மேஜையின் நடுவில் ஒரு கை. செம்மண் நிறத்தில், துருவாலேயே அச்சடித்த மாதிரி, முழு உள்ளங்கை. நாலு விரல் நேராக. சுண்டு விரல் மட்டும் பாதியில் வளைந்து நின்றது.

வெறும் வார்ப்பிரும்பு அப்படித்தான். மனிதர் கை வியர்வையில் உப்பு இருக்கிறது. காற்றில் ஐப்பசி ஈரம் இருக்கிறது. காப்பை எடுத்த இரும்புக்கு அன்றைக்கே வேறு காப்பு போட்டாக வேண்டும். ஒரு ராத்திரி வெறுமனே விட்டது மகனின் தப்பு. அது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் நின்றது துருவைப் பார்த்து இல்லை. அந்த வீட்டில் சுண்டு விரல் நிமிராதவர் ஒருத்தர்தான்.

அதே நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல். "ஏங்க, இது என்னாங்க?"

அரக்குப் பட்டில், கரையிலிருந்து நாலு விரல்கடை உள்ளே, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. இருட்டில் துடைத்த மேஜையை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடவில்லை மனிதர். துடைக்காத பக்கத்தையும் தடவிப் பார்த்திருக்கிறார். பகலெல்லாம் மகனின் கையைச் சோதித்தவர், விடியற்காலையில் தன் கையைச் சரியாகப் பார்க்காமல் தறியில் உட்கார்ந்திருக்கிறார்.

யாரும் எதுவும் பேசவில்லை. அப்பா குழியிலிருந்து எழுந்து, அலமாரியிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்தார். புள்ளி மேல் குவியலாகக் கொட்டினார். தேய்க்கவில்லை. தண்ணீர் வைக்கவில்லை. தேய்த்தால் பரவும், தண்ணீர் பட்டால் பட்டில் தடம் விழும். பவுடர் எண்ணெயை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். சாயங்காலம் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, திரும்பவும் பவுடர். மூன்று தடவை. அரக்கு நிறம் என்பதால் தப்பித்தது, வெளிர் நிறமாக இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்கிறார் அம்மா. இப்போது அவரே தேடினாலும் இடம் தெரியவில்லையாம்.

அன்று தறி ஓடவில்லை. பவுடர் கொட்டிய பட்டை வைத்துக்கொண்டு எப்படி நெய்வது? அப்பாவுக்கு வேறு வேலையும் இல்லை. காப்பி குடித்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார். மூடிய குழி இருந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார் என்பதை அம்மா கவனித்திருக்கிறார்.

"இந்தத் துரு போவுமா?"

"போவும்ப்பா. இப்பதான் வந்திருக்கு. மேலாகத்தான் இருக்கும்."

"உப்புத்தாள் போட்டுடாதே. அச்சுல துரு ஏறினா நாங்க அதப் போடமாட்டோம். பல்லு தேஞ்சுடும், இழையை அறுக்கும்."

தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுக்கும் எஃகுப் பற்கள்தான். மழைக்காலத்தில் அதில் துரு ஏறினால் பட்டில் கோடு கோடாக விழும். இரும்பைப் பற்றி அப்பாவுக்கு 40 வருடப் பாடம் இருக்கிறது. மகனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. உப்புத்தாளும் மேஜையின் மட்டத்தைக் கெடுத்துவிடும் என்பது நிஜம். அம்மா பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஒன்று புதுசாக எடுத்துக் கொடுத்தார். டர்பன்டைன் தொட்டு, மேஜையின் நீளவாக்கில் மெல்லத் தேய்த்ததில் பத்து நிமிடத்தில் விரல்கள் மறைந்தன. உள்ளங்கைத் தடம் மட்டும் லேசாக நிழல் மாதிரி நின்றுவிட்டது. அதில் துரு இல்லை, நிறம்தான். பலகை ஓட்டுவதற்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. இன்னும் தேய்க்கலாமா என்று மாமா பையன் கேட்டான். போதும் என்று சொல்லிவிட்டார் மகன்.

பின் பக்கத்து மேஜையை இரண்டு பேரும் சேர்ந்து முடித்தார்கள். அப்பா உறை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்து, அப்புறம் போட்டுக்கொண்டார். இழை முடிந்து பழகிய விரல்கள் அவருடையவை. டூத் பிரஷ்கூட நுழையாத மரைகளுக்குள் நூலைக் கொடுத்து, இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து க்ரீஸை வெளியே கொண்டுவந்தார். முதல் நாள் மகன் ஒரு மணி நேரம் போராடிவிட்டு விட்ட இடம் அது. பட்டு நூலா என்று கேட்டதற்கு, "பைத்தியமா உனக்கு, கோணி தைக்கிற நூல்" என்றார். அதுதான் அன்றைக்கு அவர் பேசிய நீளமான வாக்கியம்.

டர்பன்டைன் நன்றாகக் காய்ந்ததும், காய்ந்த துணியால் ஒரு துடை. உடனே மெழுகு. கார்களுக்குப் போடும் மெழுகு வாங்கலாம் என்று மகன் நினைத்திருந்தார். ஆனால் அவற்றில் பலவற்றில் சிலிகான் இருக்கிறது. அது பலகையில் ஒட்டிக்கொண்டால் பாலிஷ் அடிக்கும்போது மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகிப்போகும். வீட்டில் கரன்ட் போனால் ஏற்றுவதற்கு வைத்திருந்த மெழுகுவத்திகள் இருந்தன. அதைக் குறுக்கும் நெடுக்குமாக மேஜையில் உரசி, துணியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றினார்கள். இரும்புக்கும் காற்றுக்கும் நடுவே மெல்லிய படலம், பலகைக்கும் வழுக்கல். மழை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். எவ்வளவு துடைத்தாலும் பிளேடு இடுக்கிலும் உருளை ஓரத்திலும் கொஞ்சம் க்ரீஸ் ஒளிந்திருக்கும். அது முதலில் ஓடுகிற மரத்தில்தான் அப்பும். அதனால் முதல் மரம் எப்போதும் வேண்டாத மரமாக இருக்க வேண்டும். மெஷின் வந்த பெட்டியின் பைன் பலகை ஒன்றை அதற்காக மகன் எடுத்து வைத்திருந்தார்.

அப்பா பரணில் ஏறினார். இறங்கும்போது தோளில் ஒரு சட்டம். பிரித்த தறியின் குறுக்குச் சட்டம். கரேல் என்று கறுத்து, கயிறு கட்டிய தடமெல்லாம் அதில் அப்படியே இருந்தது.

"இத வுட்டுப் பாரு."

"அப்பா, முதல் மரம் க்ரீஸ் ஆவும்ப்பா."

"ஆவட்டும். இது எண்ணெய் குடிச்ச மரம்தானே."

சட்டத்தில் ஆணி இருந்தால் புது பிளேடு பல் போய்விடும் என்றார் மகன். அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் போட்டுக்கொண்டு, விரலால் தடவித் தடவி ஆணிகளைத் தேடினார். ஏழு ஆணிகள். குறடால் பிடுங்கி ஒவ்வொன்றாகத் திண்ணையில் வரிசையாக வைத்தார். எட்டாவது இருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவினார். அம்மா காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வைத்துப் பார்த்தாயிற்று.

முதல் ஓட்டத்தில் கறுப்புச் சுருளாக வந்தது. அதில் பழுப்புக் க்ரீஸ் கோடு கோடாக ஒட்டியிருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் கோடு குறைந்தது. மூன்றாவதில் சுத்தமான மரம், பழுப்பும் மஞ்சளும் கலந்து. மகன் மெஷினை நிறுத்தி, உருளை நிற்கும்வரை காத்திருந்து, சட்டத்தை எடுத்து நீட்டினார். அப்பா வேட்டியில் கையைத் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.